கடைசி ஃபாரம்

10.8.1988

கலியமூர்த்தியின் அச்சகத்துக்கு மறுபடியும் போய் வந்தேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரே ஒரு டிரெடில் அச்சு மெஷின் ஓடுகிற சின்ன இடம். நாவலை நானே அச்சுப் போடுவது என்று முடிவு செய்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு யோசனை. பத்திரிகைகள் திருப்பி அனுப்பியபோது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது பார், எல்லோரும் நிபுணர்கள்! வர்ணனையைக் குறை. வர்ணனை இல்லாமல் என்ன நாவல்? அட்டையில் பெண் முகம் போடு. போடவே போடாதே. நான் யார் பேச்சைக் கேட்பது?

கலியமூர்த்தி மட்டும் காரியமாகப் பேசினார். "நம்மகிட்ட ஈய எழுத்து கொஞ்சந்தாம்மா கீது. பதினாறு பக்கம் கோப்பேன், அடிப்பேன், எழுத்தப் பிரிச்சுப் போட்டுட்டு அடுத்த பதினாறு கோப்பேன். அதான் ஒரு ஃபாரம். அச்சான ஃபாரத்துல அப்பால கை வெக்க முடியாது. ரோசன பண்ணிக் குடு."

முழுசும் எழுதி முடித்தாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை என்று நானும் சொல்லவில்லை. எழுதாமல் ஏன் கொடுத்தேன்? கொடுத்துவிட்டால் எழுதிவிடுவேன் என்று ஒரு நினைப்பு.

14.8.1988

புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் பிழை பிடிக்க. தனியாகப் பார்த்தால் நாம் எழுதியது நமக்கு மனப்பாடம், தப்பு கண்ணில் படாது. இவருக்கு அம்பத்தூர் எஸ்டேட் ஃபாக்டரியில் ஷிஃப்ட். வேறு வழி? அண்ணியைக் கூப்பிட்டேன்.

அண்ணி என்றால் இவருடைய அக்கா தாயம்மா. நெமிலிச்சேரியில் புருஷன் வேம்புலியை விட்டு வந்து சித்திரையிலிருந்து இந்த மேனாம்பேடு வீட்டில்தான் இருக்கிறார். குழந்தை இல்லை என்று அந்த மனுஷன் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பசித்தால் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்து, "சோறு போடச் சொல்லு" என்பாராம். வருஷக்கணக்காக இப்படி. அதைத்தான் நாவலாக எழுதியிருக்கிறேன். பெயரைக் கன்னியம்மா என்று மாற்றி, ஆட்டை மாடாக்கிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

அதை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்வது சரியா? தெரியவில்லை. கொடுத்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவர், நிறுத்தி நிறுத்தி நன்றாகவே படித்தார். மாடு வந்த இடத்தில் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

21.8.1988

முதல் ஃபாரம் அச்சாகிவிட்டது. ஓரத்தில் மை கொஞ்சம் அப்பியிருக்கிறது. இருக்கட்டும், என் எழுத்து!

ஒன்று கற்றுக்கொண்டேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் — அடுத்தவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அண்ணி மூச்சு வாங்குகிற இடமெல்லாம் நான் மேதாவித்தனம் காட்டிய இடமாக இருக்கிறது. அடுத்த ஃபாரத்துப் பிரதியில் அதையெல்லாம் அடித்துவிட்டேன். பாதிப் பக்கம் காணாமல் போயிற்று. நல்லதா கெட்டதா?

28.8.1988

இரண்டாவது ஃபாரம். "ஆட்டைப் பார்த்துச் சொன்னான்" என்று படித்தார்.

"மாடு, அண்ணி" என்றேன்.

அடுத்த பக்கத்திலும் ஆடு. "மாடுன்னுதானே எழுதியிருக்கு?"

தாளை மடியில் வைத்துக்கொண்டார். "நீ எழுதினது மாடு. எங்கூட்ல கட்னது ஆடு. மாட்டுக்கு மூஞ்சி பெருசு பார்வதம். அத்தப் பாத்துப் பேசினாக்கூட ஒரு மருவாதி கீது. அது இத்தினியூண்டு குட்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபமா அண்ணி என்று கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு? எழுதறதே எழுதற, சரியா எழுது."

இதற்கு என்ன அர்த்தம்? உண்மையிலேயே கோபம் இல்லையா? சாப்பாடு போடும்போது முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தோற்றேன்.

30.8.1988

"மொத ஃபாரத்து எழுத்தெல்லாம் பிரிச்சாச்சு. அதுல மாடுதான். நான் இன்னா பண்றது?" என்று கலியமூர்த்தி கையை விரித்துவிட்டார். ஒரே புத்தகத்தில் முதலில் மாடு, பிறகு ஆடா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே குழப்பம். கடைசியில் பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: மாட்டை விற்றுவிட்டு ஆடு வாங்கினார்கள்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

4.9.1988

கடைசி அத்தியாயம் ஒரு வரிகூட ஓடவில்லை.

11.9.1988

அணிந்துரை கேட்டு ஆவடிக்குப் போனேன். பக்தவத்சலம் ஐயா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கூட்டங்களில் பேசுகிறவர். பெரியவர் ஒருவர் அணிந்துரை இல்லாமல் புதுப் பெயரை யாரும் கையில் எடுக்க மாட்டார்களாம். முடிவு என்ன என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கன்னியம்மா புருஷனிடம் திரும்பிப் போகிறாள். நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் குடும்பம் பிரிவதை ஏற்க மாட்டார்கள். அப்படி முடியுங்கள், அணிந்துரை தருகிறேன்."

வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே கதை. "வர்ற ஞாயித்துக்கெழம மாமா வந்து அக்காவ இட்டுகினு போறாராம்" என்றார் இவர். "எத்தினி நாளு வெச்சிகினு கீறது? நாலு பேரு கேக்கறாங்க."

அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

13.9.1988

திரும்பிப் போவதாக எழுதினேன். கிழித்தேன். திரும்பவும் எழுதினேன்.

17.9.1988

போவதாகவே எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று கடைசி ஃபாரத்துப் புரூஃப்.

"கன்னியம்மா பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்" என்று படித்தவர் நிறுத்திவிட்டார்.

"நீயும் என்னிய அனுப்பிட்ட, இல்ல?"

"இது கதை அண்ணி" என்றேன். சே, என்ன பதில் அது! வெறும் கதைன்னா எனக்கு ஏன் அழுகை வருது? புஸ்தகம் வேணும்னு ஆசைப்பட்டது தப்பா? அணிந்துரை இல்லாம எவன் வாங்குவான்? அதுக்காக இவங்கள — நான் இன்னா செய்யட்டும்? ஒண்ணும் புரியல. புரூஃபை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

18.9.1988

வேம்புலி வந்தார். அண்ணி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். வேம்புலியோ இவரைப் பார்த்து, "பொறப்படச் சொல்லுப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நேரமாவுது, பொறப்படச் சொல்லு."

எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "எதிர்லதான நிக்கறாங்க? பேரச் சொல்லி நீங்களே கூப்புடுங்களேன்" என்றேன். இவர் "பார்வதம்!" என்று அதட்டினார்.

வேம்புலி அண்ணியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் பெரியவங்களோட வரேன்னு சொல்லு" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் என்னோடு பேசவில்லை. சரி செய்தேனா, கெடுத்துவிட்டேனா?

19.9.1988

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு அண்ணியிடமே கேட்டேன். "பொறவு அவ எங்க போறா?"

"போய்ட்டான்னு எழுது. எங்கன்னு எழுதாத. எழுதினா பின்னாலயே வந்து நிப்பாங்க."

அப்படியே எழுதினேன். "இது புரூஃப் திருத்தறதா, புதுசா கோக்கறதா?" என்று கலியமூர்த்தி கத்தினார். கத்திக்கொண்டே கோத்தார். ஐயாவுக்கு எழுதிப் போட்டேன், அணிந்துரை வேண்டாம் என்று. என்னைப் போலப் புத்தகம் போட வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: முடிவு தெரியாமல் முதல் ஃபாரத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் தெரிந்த பிறகு கொடுத்திருந்தால் நான் தப்பான முடிவைத்தான் கொடுத்திருப்பேன். அப்புறம் என்ன யோசனை சொல்கிறேன் நான்!

7.10.1988

புத்தகம் கட்டுக் கட்டாகக் கூடத்தில் கிடக்கிறது. பெரியவர்கள் வந்து பார்த்தபோது வீட்டில் அண்ணி இல்லை. அக்கா எங்கே என்று இவர் தினமும் கேட்கிறார். கோபமாகக் கேட்டு, இப்போது கெஞ்சலாகவும் கேட்டாகிவிட்டது.

இன்று காலையில் வேம்புலி வாசலில் வந்து நின்றார். என்னை நேராகப் பார்த்து, "தாயம்மா எங்கம்மா கீது?" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் இப்போதுதான் கேட்கிறேன். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. தெரியாது என்றேன்.

அவர் போன பிறகு தபாலாபீசுக்குப் போய் அண்ணிக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு வந்தேன். எந்த ஊருக்கு என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்த டைரியை இவர் எடுத்துப் படிக்கிறார்.