காத்திருக்கத் தெரிந்த பாட்டில்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். இங்கே உன் வீட்டுக்காரனின் மூக்கைத் தவிர எல்லோரும் நலம். மூக்கின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நீ அவனுக்கு அனுப்பிய செய்தியை நானும் படித்தேன். ருசி பார்த்து வைனை அடையாளம் சொல்லும் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாய், மறுபடி எழுதத் தெம்பில்லை, படிப்பை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ அழுவாய், நானும் மனம் இளகி, சரி வந்துவிடு என்று சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை நம் வைன் கடையில் நடந்ததைக் கேள். போர்ட் என்கிற இனிப்பு வைனைப் பற்றி நீ ஆரம்பித்து வைத்த வகுப்பு, புதியவர்களுக்கானது. அன்று பார்த்து என் மகனுக்குச் சளி பிடித்து, பினாயிலுக்கும் வைனுக்கும் வாசனை வித்தியாசம் தெரியாத நிலைமை. வகுப்பை நிறுத்திவிடலாம் என்றான். நானே நடத்துகிறேன் என்றேன். உன் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு சொட்டுக்கூடக் குடித்துப் பார்க்காதவள் என்ன நடத்துவாள் என்று கேட்டார். நீ வகுப்பெடுத்த நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவள் நான் என்பது அவருக்கு எங்கே தெரியும்.

வருஷக்கணக்காகப் பாட்டிலிலேயே முதிர்ந்த வின்டேஜ் போர்ட்டை, வண்டல் அடியில் இறங்கட்டும் என்று முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்தேன். உன் வீட்டுக்காரன் அதைத் தூசி துடைத்துப் பளபளவென்று ஆக்கி, பழையபடி படுக்க வைத்துவிட்டான். மூக்கோடு மூளையும் அடைத்துவிட்டது போல. உள்ளே எல்லாம் கலங்கிவிட்டது, வடிகட்டியே ஆகவேண்டும். சலவை செய்த வெள்ளைத் துணியைப் புனலில் விரித்தேன். ஊற்றப் போகிற நேரத்தில், எதையும் முதலில் முகர்ந்து பாருங்கள் என்று நீ சொல்வது நினைவுக்கு வந்தது. துணியை முகர்ந்தேன். சோப்பு வாசனை குப்பென்று அடித்தது. நல்லவேளை. சோப்பே படாத துணி ஒன்றை வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பிழிந்து, பொறுமையாக வடித்தேன். கசடெல்லாம் துணியில் தங்க, குடுவையில் வைன் தெளிந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரோ அதற்குள், வேண்டுமென்றே நீலப்பூஞ்சை பிடிக்கவிட்ட சீஸைக் கெட்டுப்போனது என்று குப்பைக் கூடை வரை கொண்டுபோயிருந்தார். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

வகுப்பில் போர்ட்டின் மூன்று வகைகளைப் பற்றி எனக்குத் தெரிந்த பாஷையில்தான் பேசினேன். ரூபி அவசரக்காரி, வாசலிலேயே பழவாசனையோடு எதிரே வந்து நிற்பாள், புதிதாகக் குடிப்பவர்கள் அவளிடம் ஆரம்பிக்கலாம், கறுப்புச் சாக்லேட்டோடு ஒத்துப்போவாள். டானி மரப்பீப்பாயில் வருஷக்கணக்காக இருந்து நிதானம் பழகியவள், வறுத்த பாதாம் போதும். வின்டேஜுக்கு அந்த நீல சீஸ்தான் ஜோடி, உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஒரு வங்கி மேலாளர் இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதைக் கொடுங்கள் என்றார். விலையை விடுங்கள், வீட்டில் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். நீ கேட்பாயே, அதே கேள்வி. சாக்லேட் கேக் என்றார். சாதாரண ரூபியைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து இன்னொன்று வாங்கிப்போனார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்போது ஒரு அம்மா என்னிடம், "நீங்க இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"என் மருமககிட்ட" என்றேன்.

"அவங்க பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினவங்களா?"

"எழுதிக்கிட்டிருக்கா" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் தலை நிமிர்ந்து சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. ஆமாம் என்று அவரும் தலையாட்டினார். இனி நீ பாதியில் திரும்பி வந்தால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன், பார்த்துக்கொள்.

வின்டேஜைத் திறந்தால் ஓரிரு நாளில் தீர்த்துவிடவேண்டும் என்பாய். அது அன்றே தீர்ந்தது. டானி மட்டும் பாதி மிச்சம். அது திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது என்று சொன்னதும் நீதான். இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன், யாரும் தொடக்கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இந்த வயது வரை வாயில் வைக்காதவள், என் முதல் மடக்கை உன்னோடுதான் குடிக்கப்போகிறேன். மறுபரீட்சை அடுத்த மாதம்தானே. அதுவரை டானி தாங்கும், நாங்களும் தாங்குவோம். தேறு, தேறாமல் போ, அது எனக்கு ஒன்றுமில்லை. எழுதிவிட்டு வா, கண்ணு.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அத்தை