சாதாரணம் என்று குறித்த தாள்

மார்ச் 3, செவ்வாய்

ரூல்தடியிடம் இன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் மேலதிகாரிக்கு அலுவலகமே வைத்த பெயர் அது. போன மாதம் வெளிநாட்டுப் போலீஸ் துறைகளுக்கு நான் அனுப்பிய பதினேழு கோரிக்கைகளில் பதினாறில் ‘அவசரம்’ என்று குறித்திருந்தேனாம். “எல்லாமே அவசரம்னா அப்புறம் எதும்மா அவசரம்? நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க.” சிரிக்கட்டுமே, நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது? மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

மாலை நான்கரைக்குக் கடல் தாண்டிய நட்பு நாட்டிலிருந்து ஒரு தாள். நம் அண்டை நாட்டுத் தலைநகரின் பேருந்து நிலையத்தில் திங்கள் காலை குண்டு வைக்கப் பேச்சு நடக்கிறது. சொன்னவரின் நம்பகத்தன்மை: குறைவு.

அந்த இரண்டு நாடுகளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. நடுவில் எங்கள் அறைதான். ஆனால் தகவல் கொடுத்தவர் அனுமதி இல்லாமல் மூன்றாவது நாட்டிடம் மூச்சு விடக் கூடாது. மீறியவருக்குச் சிறை, அதோடு நாளைக்கு யாரும் நமக்கு எதுவும் சொல்ல மாட்டார்கள். அதனால் அனுமதி கேட்டு எழுதினேன். அவசரமா, சாதாரணமா? செவ்வாய்க்கிழமைத் திட்டு இன்னும் ஆறவில்லை. ‘சாதாரணம்’ என்று குறித்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தங்கை அந்த நகரத்து மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். தினமும் காலை எட்டு மணிக்கு அந்த நிலையத்தில்தான் பஸ் மாறுவாள். விடிய விடியத் தூக்கமில்லை. மதியம் என் சொந்த போனில் கூப்பிட்டேன்.

“அம்மாவுக்கு நெஞ்சு வலி. இன்னைக்கே கிளம்பி வா.”

“காலைலகூட நல்லாத்தானே பேசினாங்க?”

“கேள்வி கேக்காம வாடி.”

மார்ச் 8, ஞாயிறு

அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தவளின் பையை வாசலில் வாங்கியதே அம்மாதான். வெறும் வாயு என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று நான் பூசி மெழுகினேன். எந்த டாக்டர் என்று அம்மாவே முழித்தாள். நாளை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள் தங்கை. என்னோடு பேசவில்லை.

மார்ச் 9, திங்கள்

எட்டு பத்துக்கு வெடித்தது. முப்பத்தொரு பேர்.

ஒன்பதுக்கு அறையைத் திறந்தால் பதில் கிடக்கிறது. அனுமதி வழங்கப்பட்டது — ஞாயிறு காலை பதினொன்று. அவர்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. நமக்குச் சனி, ஞாயிறு. ‘அவசரம்’ என்றிருந்தால் விடுமுறையில் இருப்பவரையும் வீட்டிலிருந்து கூப்பிட்டுப் பதில் வாங்குவார்கள். சாதாரணம் என்பதால் பூட்டிய அறைக்குள் ஒரு பகல், ஓர் இரவு.

தாளுக்குச் சாதாரணம். தங்கைக்கு மட்டும் அவசரம். தெரிஞ்சுதானே அவளக் கூப்பிட்ட? அப்ப அந்தத் தாள்ல எழுதக் கை வரலியா உனக்கு? நானெல்லாம் என்ன மனுஷி?

வீட்டுக்கு வந்தபோது தங்கை டிவி முன்னால் நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

“அங்க நின்னவங்களுக்கெல்லாம் அக்கா இல்லயா?”

மார்ச் 10, செவ்வாய்

போய்விட்டாள். இரண்டு நாள் பொறுத்துப் போ என்று கெஞ்சினேன். “என்கூட வேலை பாத்தவங்க ரெண்டு பேரு போயிட்டாங்க. விடு என் கைய” என்றாள்.

மார்ச் 14, சனி

போன் எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

தங்கை குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் பேசினார். போலீஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு நாளாகிறதாம். வெள்ளிக்கிழமை திடீரென்று ஊரை விட்டுக் கிளம்பியவள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றவள், ஒரு மருந்துச் சீட்டுகூடக் காட்ட முடியாதவள். குண்டு வைத்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். யார் உன்னை வரச் சொன்னது என்று கேட்டால் வாயே திறக்கவில்லையாம்.

“உனக்குத்தான் பெரிய பெரிய ஆளுங்களத் தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லேன்டி” என்று அம்மா அழுகிறாள்.

மார்ச் 18, புதன்

அண்டை நாட்டிலிருந்து கோரிக்கை, என் மேஜைக்கே. மார்ச் 6 மதியம் ஒன்று பத்துக்கு இந்த எண்ணிலிருந்து பேசியவர் யார்? என் எண். தினமும் என்னோடு போனில் கிண்டலடிக்கும் அந்தப் பக்கத்து அதிகாரி பின்னாலேயே கூப்பிட்டார். “சீக்கிரம் பாத்துக் குடுங்க மேடம். பொண்ணு அழுத்தக்காரியா இருக்கு.”

‘விவரம் இல்லை’ என்று எழுதினால் சில வாரம் ஓட்டலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அதுவரை அவள் உள்ளே.

பேசியவர் என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வியாழக்கிழமைத் தாளின் எண். ரூல்தடி இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, “உக்காரும்மா” என்றார்.

மார்ச் 25, புதன்

இங்கே பென்சில்தான் தருகிறார்கள். அம்மா பார்க்க வந்தாள். தங்கையை விட்டுவிட்டார்களாம். திரும்ப வேலைக்குப் போகிறாளாம், தினமும் அம்மாவோடு பேசுகிறாளாம்.

“என்னப் பத்திக் கேட்டாளாம்மா?”

அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.