லெப்டினன்ட் என்று வெட்டுங்கள்

ஹேஸ்டன், ஜார்ஜியா
3 மார்ச் 1921

அன்புள்ள சகோதரி ஒடெசாவுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். சிகாகோவில் குளிர் இன்னும் விடவில்லையாமே. இங்கே பீச் மரங்கள் பூத்துவிட்டன.

உங்கள் அமோஸுக்கு நினைவுக்கல் வைக்க நம் மேசன் சகோதரச் சங்கம் முடிவு செய்துவிட்டது. உடல் பிரான்சிலேயே இருக்கட்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் ஊர்க் கல்லறையில் கறுப்பர்களான நமக்கு விட்ட மூலையில் கல் மட்டும். மே 30, வீரர் நினைவு நாள். சங்கத்தில் சேர்ந்த நாளில் கொடுத்த, சகோதரனோடு புதைக்க வேண்டிய அவனுடைய ஆட்டுத்தோல் ஏப்ரனைக் கல்லின் அடியில் புதைப்போம். அது உங்களிடம்தான் இருக்கிறது. அனுப்பி வையுங்கள்.

ஒரே ஒரு சங்கடம். கல்லறைக் குழுத் தலைவர் நீதிபதி ஹாலோவே, "லெப்டினன்ட்" என்ற சொல் கூடாது என்கிறார். நேற்று என் கடைக்குச் சவரத்துக்கு வந்தவர் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "உங்க ஆளு ஆபீசரா? அவனுக்கு யாரை சல்யூட் அடிக்கச் சொல்றீங்க? பேரை மட்டும் போட்டுட்டுப் போங்கடா."

யோசித்துப் பார்த்தேன். சங்கத்துக்குள் பதவி கிடையாது. செங்கல் சுமப்பவனும் டாக்டரும் அங்கே சகோதரன்தான். இறந்த செய்தி வந்தபோதும் சங்கக் கூடத்தில் "சகோதரர் அமோஸ் டிரம்மண்ட்" என்றுதான் மூன்று முறை கூப்பிட்டோம். கல்லிலும் அப்படியே இருந்துவிட்டால் என்ன?

உங்கள் சகோதரன்,
சைலஸ் பிக்கெட், சங்கச் செயலாளர்


சிகாகோ
11 மார்ச் 1921

சகோதரர் சைலஸுக்கு,

பிள்ளைகள் சுகம். நான் சலவைக்கூடத்தில் பதினொரு மணி நேரம் நின்று தேய்க்கிறேன். அதுவும் சுகம்தான்.

ஏப்ரன் வராது.

சங்க வாசலில் அமோஸ் தன் பதவியைத் தானே கழற்றி வைத்தார். நீதிபதி பிடுங்குகிறார். இரண்டும் ஒன்று என்று எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அயோவா முகாமில் நான்கு மாதம் படித்து வாங்கிய பதவி அது. வெள்ளைச் சிப்பாய்கள் அவருக்கு சல்யூட் அடிக்காமலிருக்கத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார்களாம். "என்னால இவனுங்களுக்கு நல்ல நடைப்பயிற்சி, ஒடெசா" என்று எழுதினார். பிரான்சில் ஆர்கோன் காட்டில் குண்டு பட்டபோது முப்பத்தெட்டு பேருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அவர் லீவில் வந்த நாள் நினைவிருக்கிறதா? ரயில் நிலையத்துக்குப் பின்னால் உங்கள் பழைய கோட்டோடு நின்றீர்கள். "யூனிஃபார்ம் மேல இதப் போட்டுக்கடா, ஊர்ல வெள்ளைக்காரங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்க" என்றீர்கள். "எனக்குக் குளிரல சைலஸ்" என்று சொல்லிவிட்டு நடுத்தெருவில் நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். நீங்கள் பத்தடி பின்னால்.

இப்போது அதே கோட்டைக் கல்லுக்குப் போட வருகிறீர்கள்.

லெப்டினன்ட் அமோஸ் டிரம்மண்டின் மனைவி,
ஒடெசா


ஹேஸ்டன்
9 மே 1921

அன்புள்ள சகோதரி,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபம். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது சுலபம் என்று ஒன்று எழுதி, கிழித்துப் போட்டேன்.

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் வாசித்தேன். அமோஸின் படையில் இருந்த ஹோசியா எழுந்தான். "அங்க சகோதரர் சொன்னாருன்னு நான் ஓடல. லெப்டினன்ட் சொன்னாரு, ஓடினேன்" என்றான். கூடத்துக்கு முன்னால் நம் சொந்த மண்ணில், பதவியோடு கல் வைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. அங்கே கல்லறைக் குழு வாய் திறக்க முடியாது. ஆனால் தீ வைக்க முடியும். ஜனவரியில் பக்கத்து ஊர்ச் சங்கக் கூடத்துக்கு வைத்தார்கள்.

ஓட்டுப் பெட்டி சுற்றி வந்தது. சம்மதமென்றால் வெள்ளை உருண்டை. ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலும் தீர்மானம் தோற்கும். ஒன்று விழுந்திருந்தது. அது என்னுடையது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நீதிபதி வந்தார். முகமெல்லாம் நுரை. "என்ன சைலஸ், பட்டாளத்துச் சமையல்காரனுக்குக் கல்லு ரெடியா?" காத்திருந்த வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். என் வாயும் சிரித்தது, ஒடெசா. இருபது வருடப் பழக்கம். அது சிரிப்பதைக் கண்ணாடியில் நானே பார்த்தேன்.

கத்தியை மடித்தேன். "லெப்டினன்ட் டிரம்மண்ட்னு சொல்லுங்க" என்றேன்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா? பாதிதான்டா மழிச்சிருக்க!"

"மீதிய வீட்டுல போயி மழிச்சுக்குங்க."

அரை முகத்தோடு போனார். திங்கட்கிழமை கடையின் கண்ணாடியெல்லாம் உடைந்து கிடந்தது. இப்போது சங்கக் கூடத்து வாசலில் நாற்காலி போட்டு நம் ஆட்களுக்கு முடி வெட்டுகிறேன். மறு ஓட்டு நானே கேட்டேன். அத்தனையும் வெள்ளை. கல் நின்றுவிட்டது. "லெப்டினன்ட்" தெருவிலிருந்தே வாசிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. பக்கத்தில் ஹோசியா துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான்.

இனி ஏப்ரனை அனுப்புவீர்களா?

சைலஸ்


சிகாகோ
18 மே 1921

அன்புள்ள சகோதரர் சைலஸுக்கு,

அந்த அரை முகத்தை நினைத்துத் துணி தேய்க்கும்போதெல்லாம் சிரிக்கிறேன். மேற்பார்வைக்காரி முறைக்கிறாள்.

ஏப்ரனை அனுப்பப்போவதில்லை. நானே கொண்டு வருகிறேன். முதலாளியிடம் லீவு கேட்டேன். "போனா அப்படியே போயிரு" என்றார். சரி என்றேன்.

பிரான்சிலிருந்து வந்த பெட்டியில் அவருடைய யூனிஃபார்ம் சட்டையும் இருந்தது. கைகளை என் அளவுக்கு மடித்துத் தைத்துவிட்டேன். இறங்கும்போது அதைத்தான் போட்டிருப்பேன்.

28ஆம் தேதி, சனிக்கிழமை, மதிய ரயில். நிலையத்துக்கு முன்னால் நில்லுங்கள்.

கோட்டு எதுவும் எடுத்து வர வேண்டாம்.

ஒடெசா