சவ்வுத் தொட்டியின் சாவி

மே 19, திங்கள்

இன்றும் வெளிக்குழாய்த் தண்ணீரில் எண்ணெய் மினுமினுக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளை இங்கே கழுவுகிறோம்; கழுவிய தண்ணீர் வாய்க்காலில்தான் விழுகிறது. அதற்காகத்தான் கல்லூரி ஆராய்ச்சிப் பெண் பிரின்சி, சோதனைக்கென்று இந்தச் சவ்வைத் தொட்டியில் பொருத்தினாள். தாள் போல ஒரு பிளாஸ்டிக். தண்ணீரை விடும், எண்ணெயை நிறுத்திவிடும் என்றாள். முதல் வாரம் கண்ணாடி மாதிரி வந்ததே! இப்போது என்ன கேடு?

கீழ்வயல் சுருளியாண்டி அண்ணன் வந்து நின்றார். "நாத்துப் பாவப் போறோம் தங்கச்சி. இன்னும் எண்ணெ வந்துச்சுன்னா கலெக்டர்ட்ட மனுதான். மூடிருவாக."

என் வீட்டுக்காரர் மவுத்தானபின் எனக்கும் மகள் சானியாவுக்கும் சோறு போடுவது இந்த வாட்டர் சர்வீஸ்தான். மூடிவிட்டால்?

மே 21, புதன்

தொட்டியைத் திறந்து பார்த்தேன். போன வாரம் தேய்த்துக் கழுவியும் சவ்வு முழுக்க மறுபடி கறுப்புப் பிசுக்கு. சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து வெளுக்க வைத்தபிறகுதான் மனசு ஆறியது. இதைக்கூடச் செய்யாமல், தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் வேல்பாண்டி என்ன வேலை பார்க்கிறான்?

மே 24, சனி

வேல்பாண்டியும் சுருளியாண்டியும் டீக்கடையில். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பைபாஸில் புதிதாக ஒரு சர்வீஸ் ஸ்டேஷன் வருகிறதாம். ஓ, இவன் அங்கே தாவப் பார்க்கிறானா?

மே 26, திங்கள்

தினமும் தேய்த்துத்தான் வைக்கிறேன். மினுமினுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நான் போனபின் யாரோ டீசல் ஊற்றுகிறார்கள். யாரோ என்ன யாரோ — இன்னொரு சாவி அவனிடம்தானே இருக்கிறது?

மே 28, புதன்

கேட்டே விட்டேன். வேல்பாண்டி முகம் செத்துப்போனது.

"லத்திபாக்கா, அதை நான் தொடுறதே இல்ல. பச்சத் தண்ணி மட்டும் விடுங்கன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. அம்புட்டுத்தான் செய்யிறேன்."

பச்சைத் தண்ணீராம்! எண்ணெய்ப் பிசுக்கு பச்சைத் தண்ணீரில் போகுமா? கழுவியே பிழைக்கிறவளிடம் கதை விடுகிறான். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். போகட்டும்.

மே 30, வெள்ளி

அவனும் இல்லை, இரண்டு சாவியும் என்னிடம். அப்படியும் எண்ணெய். பிரின்சி கொடுத்ததே டூப்ளிகேட்டா?

ஜூன் 1, ஞாயிறு

லோயர் கேம்ப்பில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சுருளியாண்டி அண்ணன் நாற்றுப் பாவிவிட்டாராம்.

ஜூன் 3, செவ்வாய்

பிரின்சியைக் கையோடு வரச்சொன்னேன், நன்றாகக் கேட்டுவிடுவது என்று. அவள் சவ்வை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"யாருக்கா இதைத் தேய்ச்சது?"

நாரையும் சோப்புத்தூளையும் எடுத்துக் காட்டினேன். மேலே மெல்லிய பூச்சு ஒன்று உண்டாம். அதுதான் எண்ணெயை ஒட்டவிடாதாம். நார் அதை உரித்துவிட்டது. சோப்பு எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்து உள்ளே அனுப்பியிருக்கிறது. "வேல்பாண்டி அண்ணன்ட்டச் சொல்லிருந்தேனே," என்றாள்.

யா அல்லாஹ், நானேதான்! வேல்பாண்டியப் போயி என்ன பேச்சு பேசிட்டேன்...

ஜூன் 7, சனி

பக்ரீத். பங்குக் கறியை எடுத்துக்கொண்டு வேல்பாண்டி வீட்டுக்குப் போனேன். "நாந்தேன்டா தேய்ச்சேன்," என்றேன். அவன் தலை நிமிரவில்லை. அவன் சம்சாரம் பவானிதான் கறியை வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கி டீக்கடைல என்ன பேசுனாகன்னு நினைச்சீக? மனுக் குடுக்காதீகன்னு இவுக சுருளியாண்டி அண்ணன்ட்டக் கெஞ்சிக்கிட்டு இருந்தாக."

திரும்பி நடக்கையில் எனக்குக் கண் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

புதுச் சவ்வு. சுருளியாண்டி அண்ணன் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, மனுப் பேச்சை எடுக்காமல் வயலுக்குப் போனார்.

வேல்பாண்டி வந்துவிட்டான். தொட்டியின் இரண்டு சாவியும் இப்போது அவனிடம். சாயங்காலம், சும்மா ஒருதடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன்.

"தர மாட்டேன்க்கா," என்றான்.

சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.