வாஷிங் மெஷின் பக்கத்து நாற்காலி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்களை ‘என்னங்க’ என்று கூப்பிட்டே பழகிவிட்டதால், காகிதத்தில் எப்படித் தொடங்குவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். நானும் நம் பெண் வாலுவும் நலம் என்று எழுத ஆசைதான். பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் போனில் சொல்லலாம் என்றால், “சரி சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். லீவில் வந்திருந்த உங்கள் அணி பிசியோ நாளை அங்கே திரும்புகிறார். நீங்கள் கேட்ட பழைய கிளவுஸோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிளவுஸை வெயிலில் போட்டு எடுத்தேன். வியர்வை வாடை போகவில்லை. அந்த வாடைக்காகத்தான் கேட்டீர்களோ என்னவோ.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் வந்தார். குழாயைப் பார்த்ததைவிடச் சுவரிலிருக்கும் உங்கள் படத்தைப் பார்த்ததுதான் அதிகம். உங்கள் வீட்டில் கூலி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டுப் போனார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உங்கள் மெத்தை விளம்பரம் வைத்திருக்கிறார்கள். மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே தூங்குகிறீர்கள். ‘அசராத மனிதர், அசையாத தூக்கம்’ என்று கீழே எழுதியிருக்கிறது. வாடகைக் காரில் போகும்போது வாலு அதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அப்பா ஹோட்டல்ல தூக்கம் வராம தரையிலதானே படுப்பார்?” என்று உரக்கக் கேட்டாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

ஊர் உங்களுக்கு ‘ஐஸ்கட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறது. இவருக்குப் பதற்றம் என்றால் என்னவென்றே தெரியாது என்று டிவியில் பேசுகிறார்கள். குளியலறைக் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, முகம் தெரியாதவர்கள் எழுதிய வசவையெல்லாம் போனில் ஒன்றுவிடாமல் படிக்கிறவர் வேறு யாரோ போலிருக்கிறது. உங்கள் இடத்துக்கு வருவார் என்று சொல்லப்படுகிற அந்தப் புது ஆட்டக்காரரைப் பற்றிப் போன வாரம் கேட்டீர்கள். “நல்லா ஆடறான்ல?” என்றீர்கள். ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. குக்கர் விசிலடிக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். அடுப்பில் குக்கரே இல்லை.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் உங்கள் முதல் சதம். டிவியைப் பார்க்கப் பயந்து, துணி துவைக்கிற அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஊர் திரும்பியதும் சிரிப்பாகத்தான் அதைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குக் கிளம்பும்போது, “நான் ஆடி முடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்காரு, எழுந்திருக்காதே” என்றீர்கள். புதுப் பெண்டாட்டிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை வீடு மாறினோம். சோபா மாறியது, கட்டில் மாறியது, நாற்காலி மட்டும் கூடவே வந்தது. அதன் கால் விரிசல் விட்டபோது, பேட் விளிம்பில் ஒட்டுகிற டேப்பை எடுத்துவந்து, பேட்டுக்கு ஒட்டுவதைவிடப் பொறுமையாக அதற்குச் சுற்றினீர்கள். நீங்கள் ஆடும்போதெல்லாம் ஊரே உங்களைப் பார்த்தது. நான் வாஷிங் மெஷினைப் பார்த்தேன்.

கீழ்வீட்டு வக்கீல்தான் எனக்கு ஸ்கோர் போர்டு. அவர் “போச்சு பார், போச்சு பார்” என்று கத்தினால் நாலு. வீட்டோடு எல்லோரும் சேர்ந்து கத்தினால் ஆறு. கத்தாமல் அவர் கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் நீங்கள் அவுட். அப்புறம்தான் நான் எழுந்துவந்து டிவியைப் போடுவேன். முடிவு தெரிந்த ஆட்டம் ஆறிப்போன காப்பி மாதிரி. உங்கள் மனைவி இன்றுவரை அதைத்தான் குடித்திருக்கிறாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அவுட்டான அன்று நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, “எழுந்தியா?” என்பதுதான். அதுவும் பழகிவிட்டது. ஆனால் போன தொடரில் வாலுவையும் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னீர்கள். அன்றைக்கென்று பார்த்து எழுபது ரன் அடித்துத் தொலைத்தீர்கள். அன்றிலிருந்து அவளுக்கும் ஒரு குட்டி ஸ்டூல்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் களமிறங்கியதும் நாங்கள் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் முகம் ஒரு மாதிரி ஆனது. என்னடி என்றேன். தலையைக்கூட ஆட்டவில்லை, கண்ணை மட்டும் உருட்டினாள். குனிந்து பார்த்தால் ஸ்டூலுக்குக் கீழே ஈரம். பாத்ரூம் பக்கத்துக் கதவுதான். போயிருக்கலாமேடி என்றேன். “எழுந்தா அப்பா அவுட்டாயிடுவார்ல” என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். அவளைத் தூக்கலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் வக்கீல் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. அத்தனை நேரம் தடவிவிட்டு நீங்கள் முட்டை வாங்கியிருந்தீர்கள்.

சாயங்காலம் போன் செய்து, யார் எழுந்தது என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “நான்தான்பா காலை ஆட்டிட்டேன். சாரிப்பா” என்றாள். சுத்தப் பொய். அவள் ஒரு விரலைக்கூட ஆட்டவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? “பரவால்லடா கண்ணு, அடுத்த தடவை ஆட்டாம இரு” என்றீர்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதி. அந்தத் தலைப்பாகை நம் குழந்தை என்று நீங்கள் யோசிக்கவே இல்லை.

நேற்று பள்ளியிலிருந்து வந்தவள் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் துணி துவைக்கிற அறைக்குள் போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம் என்று ஓடினேன். கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை. என்ன பண்றே என்று கேட்டேன். “பிராக்டீஸ் பண்றேம்மா. அப்பா நெட்ல பண்றார்ல, அந்த மாதிரி” என்றாள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காததால் வாலு என்று நீங்கள்தான் அவளுக்குப் பெயர் வைத்தீர்கள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. விழுந்த வரைக்கும் சந்தோஷம். அதற்காகக் காக்கையை ஆயுசுக்கும் அதே மரத்தில் கட்டிப்போடுவார்களா? இப்போது குஞ்சையும் சேர்த்தல்லவா கட்டியிருக்கிறோம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களுக்குத்தான் ஆடத் தெரியுமே. நீங்கள் எதற்குக் கூடத்தைப் பார்க்கிறீர்கள்?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாற்காலி தப்பு, பெண்டாட்டி தப்பு, பிள்ளை தப்பு என்றால் சரி செய்துவிடலாம். ஒன்றுமே தப்பில்லாமல் அவுட்டானால் யாரைப் போய்க் கேட்பது? பூட்டிய ஹோட்டல் அறையில், இத்தனை கோடிப் பேருக்குப் பெயர் தெரிந்த ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு இதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இங்கே நானும் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போல இத்தனை காலத்தைக் கழித்துவிட்டோம்.

அதனால் நாற்காலியை இன்று காலை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிறார், அதில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். டேப் சுற்றிய கால் நன்றாகத்தான் தாங்குகிறது. ஸ்டூலில் செடித்தொட்டியை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆட்டத்திலும் ரன் வரவில்லையென்றால் உங்களை எடுத்துவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் இதைச் சொல்கிறாளே பாவி என்று உங்களுக்குத் தோன்றும். ஆட்டம் முடிந்த பிறகு சொல்லலாமா என்று நானும் யோசித்தேன். அடித்திருந்தால், நாற்காலி இல்லாததால்தான் அடித்தேன் என்று புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்வீர்கள். அடிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் முன்னாலேயே சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை அவுட்டானதும் எனக்குப் போன் செய்ய வேண்டாம், வாலுவுக்குச் செய்யுங்கள். யார் எழுந்தது என்று கேட்காதீர்கள். “பந்து நல்லா வந்துச்சு, அப்பா விட்டுட்டேன்” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை. நீங்கள் சொன்னால்தான் அந்தக் குழந்தை பழையபடி ஓடும். சதமே அடித்தாலும் அன்றைக்கு அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு மைதானத்தில் இறங்குவதைவிட அதிக தைரியம் வேண்டும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து பார்ப்போம். நடுவில் எழுந்து தண்ணீர் குடிப்போம், கதவைத் திறப்போம், அவள் குதித்தால் குதிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். நீங்கள் முன்பு எப்படி ஆடினீர்கள், இப்போது எப்படி ஆடுகிறீர்கள் என்று ஊரெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்கள் ஆடுவதை, முடிவு தெரியாமல், அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். ஒப்பிட என்னிடம் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலில் படுத்துப் பாருங்கள். அடித்தாலும் வாருங்கள், முட்டை வாங்கினாலும் வாருங்கள், வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும்
உங்கள் வீட்டுக்காரி