பழசை அழிக்க விடாதே

ராஜகீழ்ப்பாக்கம்
6 பிப்ரவரி 2023

அன்புள்ள சாவித்ரிக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் லக்ஷ்மிநாராயணன் சாரும் உங்கள் பெண் ஸஹானாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பழைய நம்பருக்குப் போட்டால் யாரோ இந்தியில் திட்டுகிறார். இந்த மெயிலாவது உன்னிடம் வந்து சேருகிறதா பார்ப்போம். புனேவுக்குப் போனவள் ஒரு கிறிஸ்துமஸுக்காவது ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

நம் டி.டி.பி. சென்டர் இன்னும் என் வீட்டு முன்ரூமில்தான் ஓடுகிறது. நீ வாங்கி வைத்த அதே கம்ப்யூட்டர். இப்போது அதில்தான் வம்பு. கஸ்டமர் அனுப்பும் ஃபைல் பாதி திறப்பதில்லை. இன்டர்நெட்டுக்குப் போனாலே 'உங்கள் விண்டோஸ் பழையது' என்கிறது. கேம்ப் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பென்னியைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, இத்த மொத்தமா அழிச்சிட்டு புது விண்டோஸ் போட்டுர்றேன், சல்லுனு ஓடும்" என்றார். நம் பழைய தமிழ் ஃபான்ட் அதில் வருமா என்றால், வராதாம். கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நானக் கார்டு, சீமந்தம், காதுகுத்து என்று நாம் அடித்ததெல்லாம் அந்த ஃபான்டில்தானே இருக்கிறது?

சனிக்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் உன்னைத்தானே கேட்பேன்?

அன்புடன்,
ஹெப்சி


புனே
6 பிப்ரவரி

அன்புள்ள ஹெப்சி,

பென்னியை எதையும் அழிக்க விடாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

பழசு அப்படியே இருக்க, பக்கத்திலேயே புதுசைப் போடலாம். ஒரே மெஷினில் ரெண்டு விண்டோஸ். முதலில் உள்ளே இருப்பது அத்தனையையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுக்கச் சொல். நீ கூடவே உட்கார்ந்து சிலதைத் திறந்து பார். பிறகு மெஷின் டிஸ்க்கில் காலியாக இருக்கும் இடத்தைத் தனியாகப் பிரித்து, புதுசை அங்கே மட்டும் போட வேண்டும். நடுவில் 'அப்கிரேட்' வேண்டுமா, 'கஸ்டம்' வேண்டுமா என்று கேட்கும். அப்கிரேட் கொடுத்தால் பழசின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். கஸ்டம்தான். முடிந்த பிறகு, ஆன் செய்யும்போதெல்லாம் ரெண்டில் எது வேண்டும் என்று மெஷினே கேட்கும். மெயில் பார்க்கப் புதுசு, பத்திரிகை அடிக்கப் பழசு.

போன் வேண்டாம் ஹெப்சி. சந்தேகம் இருந்தால் எழுது. எழுத்தில் இருந்தால் பென்னியிடமும் காட்டலாம். ஸஹானா நலம், வேலைக்குப் போகிறாள்.

சாவித்ரி


ராஜகீழ்ப்பாக்கம்
12 பிப்ரவரி

அன்புள்ள சாவித்ரி,

முடிந்தது! நீ எழுதியதைப் பிரின்ட் எடுத்துப் பென்னி கையில் கொடுத்தேன். "யாரு ஆன்ட்டி இது, டீச்சரா?" என்றார். "என் பார்ட்னர்" என்றேன்.

ஆனால் ஒரு கூத்து. அவர் போன பிறகு ஆன் செய்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று உள்ளே ஓடினேன். வந்து பார்த்தால் புதுசு மட்டும் நிற்கிறது, பழசைக் காணோம். அழுதேவிட்டேன். பென்னிக்குப் போன் போட்டால் சிரிக்கிறார். "இன்னா ஆன்ட்டி, இதுக்குப் போயி பேஜார் ஆயிட்டீங்க? கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கும். நீங்க ஒண்ணும் சொல்லலன்னா தானா புதுசுக்குப் போயிடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பக்கத்துலயே உக்காந்துகினு இருங்க." உட்கார்ந்தேன். கேட்டது. பழசை அழுத்தினேன். நீ வைத்த செம்பருத்திப் படத்தோடு வந்து நின்றது.

அப்புறம் எழுந்திருக்க மனசே வரவில்லை. ஏகநாதன் மகள் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அடித்தோமே, அதுகூட இருக்கிறது. நம் நகர் நலச் சங்க ஆண்டு மலர் நினைவிருக்கிறதா? வருகிற கட்டுரைகளின் கையெழுத்து எனக்குப் புரியாது என்று, சார் ஆபீஸ் விட்டுச் சைக்கிளில் வந்து கம்ப்யூட்டர் மைக்கில் வாசித்துப் பதிந்து வைப்பார். மறுநாள் நான் கேட்டுக் கேட்டு அடிப்பேன். அந்தக் குரலெல்லாம் அப்படியே இருக்கிறது! "ஹெப்சி மேடம், இங்க ஒற்று மிகும், ஒரு 'ப்' போடுங்கோ" என்கிறார். ஓரிடத்தில் தும்மிவிட்டு, "இதையும் அடிச்சுடாதீங்கோ!"

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாசிக்க ஆளில்லாமல் என் தமிழ் கெட்டுப்போச்சு என்று சாரிடம் சொல். அவர் ஏன் ஒரு வரி எழுதக் கூடாது?

ஹெப்சி


புனே
15 பிப்ரவரி

ஹெப்சி,

இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போய்விட்டார். கொரோனா ரெண்டாவது அலையில். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நான் பார்க்கவே இல்லை. காரியத்தின்போது நானும் ஸஹானாவும் மட்டும். அங்கே யாருக்கும் சொல்லவில்லை. உனக்கு எழுத உட்காருவேன். எழுதிவிட்டால் ராஜகீழ்ப்பாக்கத்திலும் அவர் இல்லாமல் போய்விடுவாரே என்று இருக்கும். உன் நினைவிலாவது சாயங்காலமானால் சிக்னலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டட்டும் என்று விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அழிக்கப்போகிறார்கள் என்று நீ எழுதியதும் நான் பதறியது ஃபான்டுக்காக இல்லை. என்னிடம் அவர் போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இல்லை. அது அங்கே இருக்குமா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. இல்லை என்று நீ எழுதிவிட்டால்?

எனக்கு அனுப்புவாயா?

சாவித்ரி


ராஜகீழ்ப்பாக்கம்
16 பிப்ரவரி

சாவி,

காலையில் படித்தேன். இன்று கடை திறக்கவில்லை. கோபம் இருக்கிறது. நேரில் வைத்துக்கொள்கிறேன்.

மெயிலில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஸஹானா வேலைக்குப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா? எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம். எனக்கு இந்தி வராது, ஸ்டேஷனுக்கு ஸஹானாவை அனுப்பு.

ஹெப்சி


புனே
16 பிப்ரவரி

ஹெப்சி,

ஸஹானா வேண்டாம். நானே வருகிறேன். அவர் போனதிலிருந்து தெருமுனை தாண்டிப் போனதில்லை. ஆனாலும் வருவேன்.

ரயில் நின்றதும் இறங்கி அங்கேயே நில். என்னைத் தேடி நடக்காதே. நான் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

சாவி