பூட்ஸோடு கடலில் குதித்த மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

அன்புள்ளன்னு எழுதிட்டேனே தவிர, அன்பா எழுத வரல. செத்தவங்களைத் திட்டக் கூடாதும்பாங்க. நான் திட்டத்தான் போறேன். பதினோரு மாசமா அடக்கி வெச்சிருக்கேன்.

பம்பாயில துபாய்க்குக் கள்ளத்தனமா லாஞ்சு ஏறும்போது ஏஜெண்ட் கேட்டான், "நீச்சல் தெரியுமா?" எனக்குத் தெரியும், கடற்கரை ஊர்ல பிறந்தவன். நீங்க என்ன சொன்னீங்க? "கண்மாயில விழுந்து வளர்ந்தவன்யா நான்." உங்க ஊர்க் கண்மாயில ஆடு இறங்கினா முட்டி நனையாது! அத்தனை நாள் அந்த லாஞ்சில முதுகோட முதுகு ஒட்டி உக்காந்து வந்தோமே, என்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா?

அரபுக் கரையில கொர்ஃபக்கான் மலை தெரிஞ்சப்ப விடிஞ்சிருச்சு. லாஞ்சுக்காரன் கரைக்குப் போகாம கடல்லயே நிறுத்தி, "யல்லா, யல்லா, சீக்கிரம் குதிங்க"ன்னு கத்தினான். எல்லாரும் துணியைக் கழட்டித் தலையில கட்டுறாங்க. நீங்க மட்டும் டெர்லின் பேண்ட்டு, பூட்ஸு, மாப்பிள்ளை கணக்கா நிக்கிறீங்க. "கழட்டுங்க மச்சான்"னு கெஞ்சினேன். "போடா, வெறுங்காலோட ரோட்டுல நடந்தா லாஞ்சுல வந்தவன்னு போலீஸ் பிடிச்சிருவான், ஏஜெண்ட் சொன்னது மறந்துருச்சா?" அதான் உங்க கடைசிப் பேச்சு. பூட்ஸோட குதிச்சீங்க, மேல வரவே இல்ல. சே!

மூணு தடவை முங்கித் தேடினேன். கிடைக்கல. மத்தியானம் மீன்பிடிக்கிற அரபிகள் உங்களை இழுத்துட்டு வந்து, கரையிலேயே குழி தோண்டிப் புதைச்சாங்க. நான் பாறை மறைவுல குத்தவெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கிட்டப் போனா என்னையும் பிடிப்பாங்கன்னு பயம். ஒரு கைப்பிடி மண்ணு போடல. அதுக்கும் உங்களைத்தான் திட்டுறேன், வேற யாரைத் திட்ட?

அப்புறம் நான் செஞ்சதையும் கேளுங்க. உங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். பம்பாயில காத்துக் கிடந்த ரெண்டு மாசமும் நீங்க சொல்லச் சொல்ல அக்காவுக்கு நான்தான் எழுதினேன். "நலம். ஆட்டை விக்காதே. வாசல்ல நின்னு கதை பேசாதே." அவ்வளவுதான் உங்க காகிதம்.

துபாய் வந்து கட்டடம் கட்டுற சைட்டுல வேலை கிடைச்சதும், நீங்க செத்ததை எழுத உக்காந்தேன். கை ஓடல. உங்க பேர்ல "நலம்"னு எழுதி, உங்க கையெழுத்தையும் கிறுக்கிட்டேன். அதோட நிறுத்தியிருக்கணும். அடுத்த மாசம், "உன் கால் வீக்கம் எப்படியிருக்கு? ரெண்டு குடமா தூக்காதே"ன்னு எழுதினேன். அக்கா என்ன பதில் போட்டா தெரியுமா? "எட்டு வருஷத்துல இப்பத்தான் என்கிட்ட பேசறீங்க. படிச்சுப் படிச்சுக் காகிதம் மடிப்புல கிழிஞ்சு போச்சு."

அட பாவி மனுஷா! கால் வலிக்குதான்னு கேட்க எட்டு வருஷமா வாய் வரலையா உங்களுக்கு?

இப்ப ஆனியில உங்க சின்ன மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தணும், நான் போகாம முடியாது. வேலை கொடுத்த அரபி முதலாளி, கஃபீலும் பேப்பரெல்லாம் சரிபண்ணி லீவு கொடுத்துட்டார். "அவரையும் கூட்டிட்டு வாடா, அவரைப் பார்த்ததும் நாலு பேர் முன்னால அழுதுருவேனோன்னு வெக்கமா இருக்கு"ன்னு அக்கா எனக்குத் தனியா எழுதியிருக்கா.

ரூம்ல இருக்கிற சிவகங்கைக்காரர் சொல்றார்: "போன வாரம் சைட்டுல விழுந்து செத்தாருன்னு சொல்லிடு தம்பி. காகிதமெல்லாம் அவர் சொன்னதாவே இருக்கட்டும். உன் அக்காவுக்கு அந்தக் காகிதமாவது மிஞ்சும்."

ரெண்டு நாள் யோசிச்சேன். முடியாது மச்சான். உங்க மகன் தப்பான நாள்ல உங்களுக்குத் திதி கொடுக்கக் கூடாது.

சத்தியமா சொல்றேன், பந்தல்கால் நடறதுக்கு முன்னாடியே போய் அக்கா கால்ல விழுவேன். நீங்க என்னைக்குச் செத்தீங்கன்னு சொல்வேன். காகிதம் எழுதினது நான்தான்னும் சொல்வேன். அவ உங்களுக்காக அழுவா. அப்புறம் கால் வலியைக் கேட்ட புருஷன் ஒருத்தன் இல்லவே இல்லைன்னு தெரிஞ்சு அழுவா. அந்த அழுகையை எப்படி நிறுத்துவேன்னு எனக்குத் தெரியல.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டியோட தம்பி